பெரிய வெள்ளியில் ஆட்டிறைச்சிக் குழம்பு

பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எனக்கு 'ஊசிக்கார அக்கா' என்று ஒரு பட்டப்பெயர் இருப்பது, ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. மரக்கறிக் கடை ஒன்றில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைத் தொலைக்காட்சியில் பாராளுமன்ற விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. மாறாத நோயில் கிடப்பவர் தானாகக் கேட்டால், அவர் சாவதற்கு மருத்துவர் உதவலாமா என்பது பற்றிய புதுச் சட்டம். காசு வாங்குகிற பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன ஊசிக்கார அக்கா, இவ்வளவு நாளும் நீங்கள் ஒளிச்சுப் போட்ட ஊசியை இனி எல்லாருக்கும் தெரியப் போடலாம் போல" என்றாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, கூடையோடு அடுத்த வரிசைக்கு மாறிப் போனார்.

பரிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில், இனிக் குணமாகாது என்று தெரிந்தவர்களைப் பராமரிக்கிற பிரிவில், தாதிகளுக்கு உதவியாளராக வேலை செய்தவள் நான். உதவியாளர் ஊசியைத் தொடவே கூடாது. உடம்பு துடைப்பது, உடுப்பு மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கதை கேட்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். என் கை ஊசி பிடித்தது பொத்தான் தைக்க மட்டும்தான். அதையும் ஒழுங்காகத் தைத்ததில்லை என்று என் மனிசன் சொல்வார்.

விவாதம் தொடங்கியதிலிருந்து, என் பழைய பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் என்னை விடுகிறார்கள் இல்லை. ஒருநாள் கூப்பிட்டு, கேக் வெட்டி, கோப்பி தந்து, கிறிஸ்தவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஏதோ நான் இரண்டு கூட்டத்துக்கும் தேர்தலில் நின்று வென்றவள் மாதிரி. நான் சட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை வந்த குழம்புப் பிரச்சினையைத்தான் சொன்னேன். பிரெஞ்சில் சொன்னதில் பாதி ருசி போய்விட்டது. ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. சண்டைக்குள்ளிருந்து வந்து, ஹோட்டல் அறைகள் துடைத்து, முதுகு வலிக்கத் தொடங்கியதும், அதைவிட முதுகு வலிக்கிற வேலையைத் தேடிப் படித்தேன். சோதனையில் ஒரு ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டிக் காட்டவேண்டும். பதற்றத்தில் பிரெஞ்சு முழுக்க மறந்துபோய், "கொஞ்சம் கையைத் தூக்குங்கோ ஐயா, சுடுதண்ணி, பயப்பிடாதேங்கோ" என்று பொம்மையோடு தமிழில் கதைத்தபடியே துடைத்து முடித்தேன். சோதிக்க வந்த அம்மா நான் பிரார்த்திக்கிறேன் என்று நினைத்துத் தலை குனிந்து நின்றார். நல்ல புள்ளிகளும் போட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் இந்தப் பிரிவுக்கு மாறினேன். அங்கே எங்களுக்குத் தலைவி டொக்டர் மதாம் பெர்த்தியே. நெட்டை மனுஷி. எங்கே போனாலும் கையில் ஒரு மடக்கு ஸ்டூல் இருக்கும், கால்வாய்க் கரையில் தூண்டில் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து பதில் வரும்வரைக்கும் நிற்பார். நோயாளி மயக்கத்தில் கிடந்தாலும் தட்டிவிட்டு ஒரு மூச்சு நின்றுதான் போவார். போனதும் ஸ்டூலை விரித்து, படுத்திருப்பவரின் கண்ணுக்குக் கீழே தன் கண் வருகிற மாதிரிக் குந்துவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பார்.

இந்த மூடிக்கொண்டு இருப்பதுதான் எங்கள் சனத்தால் தாங்க முடியாதது. ஒருமுறை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு முன்னால் அவர் அப்படி இருந்தபோது, நோயாளியின் மருமகன், ஒருவரும் கேட்காமலே, தான் சிகரெட்டை இன்னும் விடவில்லை என்று ஒத்துக்கொண்டார். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் நோயைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மதாம் பெர்த்தியே கோயில் குளம் என்று போகிறவர் இல்லை. ஆனால் ஊசி கேட்கிறவர்களிடம் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார். "சாவை நான் தரமாட்டேன். வலியை எடுப்பேன். நீங்கள் வேண்டாம் என்கிற வைத்தியத்தை நிறுத்துவேன். உங்களைத் தனியே விடமாட்டேன்." சொல்லிவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொள்வார்.

அப்படிக் கேட்டவர்களில் மதாம் லெரூவை மறக்க முடியாது. புரட்டஸ்தாந்துக் கோயிலில் ஓர்கன் வாசித்த மனுஷி. காலையில் நான் சுடுதண்ணியோடு போனால், "இன்றைக்கா?" என்பார், ஏதோ பார்சல் வருவதற்குக் காத்திருப்பவர் போல. எங்கள் திருச்சபையில் அது பாவம் என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். "எனக்கு மூளையைத் தந்த கடவுள், கடைசிக் கிழமையில் மட்டும் அதைப் பாவிக்க வேண்டாம் என்கிறாரா?" என்று கேட்டார். அவருடைய கோயில் பாஸ்டர் அம்மாவும் அடிக்கடி வருவார். இருவரும் இதைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள், பிறகு சேர்ந்து பாட்டுப் படிப்பார்கள். வெளியே நின்று கேட்டால் எது சண்டை எது பாட்டு என்று தெரியாது. ஒரு மத்தியானம் எங்கள் கோப்பியைத் திட்டிவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழும்பவில்லை. சாவதற்கு ஊசி கேட்பது பிழை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருடைய கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. பாதர்மாரிடமும் கேட்டேன். அவர்கள் சொன்ன பதில் மிக நீளம்.

இனி சவரியண்ணை. முழுப்பெயர் சவரிமுத்து. லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு கடைக்கு மேல் வீடு. பிரெஞ்சு உணவகம் ஒன்றில் பிரதான சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்னமே தவறிவிட்டார். சிறுநீரகம் பழுதாகி, ஒன்றுவிட்ட ஒரு நாள் மெசினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்வார். அப்படியே பல வருடம். பிறகு இதயமும் தளர்ந்துபோனது. மெசினிலிருந்து இறக்கினால் அரைநாள் மயக்கம், மீதி அரைநாள் வாந்தி, அடுத்த நாள் திரும்பவும் மெசின். இந்த நிலையில்தான் எங்கள் பிரிவுக்கு வந்தார்.

கூடவே மகள் ஜெசிந்தா வந்தாள். ஒரே பிள்ளை. கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ந்து, கலியாணத்துக்குப் பிறகு பரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் ஒரு பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்தவள். நல்ல பிள்ளை. ஆனால் ஆண்டவரோடு நேரே தொலைபேசித் தொடர்பு இருக்கிறவள் மாதிரிக் கதைப்பாள்.

மதாம் பெர்த்தியே வந்து, ஸ்டூலை விரித்து, சவரியண்ணையிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினார். சவரியண்ணையின் பிரெஞ்சு, உணவகக் குசினியில் பழகிய பிரெஞ்சு. திட்டுவதற்கும் ஓடர் எடுப்பதற்கும் மட்டுமே நன்றாக வரும். அந்தப் பிரெஞ்சிலேயே சொன்னார். "மதாம், கறி வெந்து முடிஞ்சுது. இன்னும் அடுப்பை எரியவிட்டால் அடிப்பிடிக்கும். காஸை நிப்பாட்டுங்கோ."

டொக்டருக்கு உடனே விளங்கியது. மெசினை நிறுத்தினால் நாட்கள்தான் மிஞ்சும், கிழமைகள் அல்ல என்று மெதுவாகச் சொன்னார். சவரியண்ணை தலையாட்டினார். மெசினையா அடுப்பையா என்று ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஜெசிந்தா கதிரையை விட்டு எழும்பினாள். "அப்பா, இது தற்கொலை. தற்கொலை செய்தவைக்கு மோட்சம் இல்லை. நான் ஓம் எண்டு சொன்னா, நான்தானே உங்களைக் கொலை செய்தது?"

"உன்னை ஆர் பிள்ளை கேட்டது?" என்றார் சவரியண்ணை.

அது பொய். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சட்டப்படி மகளின் சம்மதம் தேவையில்லை, நோயாளி சொன்னால் போதும். ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, கண்ணை மூட அந்த மனுஷனுக்கு மனமில்லை. துடைக்கிற நேரத்தில் என்னிடம் சொன்னார். "தங்கச்சி, சாவுக்குப் பயமில்லை. இவள் பிறகு காலம் முழுக்கத் தன்னைத் தானே தின்னுவாள். அதுதான்." எனக்கு அழுகை வந்தது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். சோப்பு போடுகிற இடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

ஜெசிந்தா தன் பாஸ்டரைக் கூப்பிட்டாள். சவரியண்ணை தன் பாதரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். ஜெசிந்தா பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸோடு அவர்கள் இருவரையும் குடும்ப அறையில் விட்டு, கதவைச் சாத்தினேன். அது உறவினர்கள் இருந்து ஆறுகிற சின்ன அறை, ஒரு மூலையில் அடுப்பும் மைக்ரோவேவும் இருக்கும். நானும் தாதி ஒருத்தியும் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பாதரின் பரிசுத்த எண்ணெய்க்கும் பாஸ்டரின் அந்நிய பாஷை ஜெபத்துக்கும் நல்ல அடிபாடு நடக்கும் என்று எதிர்பார்த்தோம். கேட்டதெல்லாம் கிரிக்கெட். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் எதிரெதிர்ப் பள்ளிக்கூடங்களில் விளையாடியவர்களாம். ஏதோ ஒரு காலத்தில் விழுந்த விக்கெட் விழுந்ததா இல்லையா என்பதற்கு இருந்த சூட்டில் கால்வாசிகூட, பிறகு சவரியண்ணையின் அறையில் இருக்கவில்லை.

பாதர் நேரே விஷயத்துக்கு வந்தார். "ஜெசிந்தா, சாகவேணும் எண்டு ஊசி கேட்டா நான் ஏலாது எண்டுதான் சொல்லுவன். உடம்பு தாங்காத வைத்தியத்தை வேண்டாம் எண்டுறது வேற. அது தற்கொலை இல்லை பிள்ளை. திருச்சபை அதைப் பாவம் எண்டு சொல்லேல்லை."

ஜெசிந்தா பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் கட்டிலில் கை வைத்துச் சுகத்துக்காக ஜெபித்தார். நீளமாக, சத்தமாக ஜெபித்தார். பக்கத்து அறைப் பிரெஞ்சுக்காரர் சுவரில் தட்டினார், பிறகு அவரும் ஆமென் சொன்னார். முடித்துவிட்டுப் பாஸ்டர் வேர்வையைத் துடைத்தார். "தங்கச்சி, நான் சுகத்துக்குத்தான் ஜெபிக்கிறனான். ஆனா சுகம் தாறது ஆண்டவர், மெசின் இல்லை. மெசினை நிப்பாட்டினா ஆண்டவருக்கு வழி அடைபட்டுப் போகுமோ? அப்பிடி நான் எங்கையும் வாசிக்கேல்லை."

"ரெண்டு பேரும் கதைச்சு வைச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றாள் ஜெசிந்தா. இருவரும் ரோல்ஸ் துகளை மடியிலிருந்து தட்டிவிட்டார்கள்.

பரிசுத்த வாரம் தொடங்கும்போது, ஜெசிந்தா ஓம் என்று சொல்லாமலே, மெசின் நின்றது. ஜெசிந்தா தினமும் வந்தாள். வேதத்தைத் திறந்து உரத்து வாசிப்பாள். தகப்பனோடு கதைப்பது "குளிருதோ" என்ற ஒரு சொல்தான். உயிர்த்த ஞாயிறன்று போனால் நல்ல பொருத்தம் என்று சவரியண்ணை என்னிடம் சொல்லி வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க வேலைக்குப் பிந்திப் போன மனுஷன். ஞாயிறும் தாண்டி, ஊரெல்லாம் விடுமுறையான திங்கட்கிழமைதான் போனார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையை.

அதற்கு முன் வாய்ப் பராமரிப்பைச் சொல்லவேண்டும். கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காது, ஆனால் வாய் காயும். ஒரு குச்சியின் நுனியில் சின்னப் பஞ்சு இருக்கும். தலைமாட்டை உயர்த்தி, கழுத்தடியில் துவாய் போட்டு, பஞ்சை நனைத்து, கிண்ணத்தின் விளிம்பில் பிழிந்து, முதலில் உதடு, பிறகு கன்னத்தின் உட்புறம், ஈறு, கடைசியாக நாக்கு. தொண்டைப் பக்கம் போகக் கூடாது. எதில் நனைப்பது என்பதை நோயாளி சொல்லலாம், அது மதாம் பெர்த்தியேயின் கட்டளை. பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் வைன் கேட்பார்கள். ஒருவர், பஞ்சை வாயில் வைத்ததும், இது தன் மாகாணத்து வைன் இல்லை என்று துப்பினார். அவர் சொன்னது சரிதான் என்று பிறகு போத்தலைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பெரிய வெள்ளி காலை. நான் ஒருசந்தி விரதம். பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல், வீடு இருக்கிற சார்செலிலிருந்து ரயிலேறி வந்திருந்தேன். வேலை முடியக் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகிற எண்ணம். பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு, "அண்ணை, எதில நனைக்க?" என்று கேட்டேன்.

"ஆட்டிறைச்சிக் குழம்பில" என்றார் சவரியண்ணை.

கையிலிருந்த குச்சி அப்படியே நின்றுவிட்டது. "அண்ணை, இண்டைக்குப் பெரிய வெள்ளி."

"தெரியும்."

"மீன் சொதி எண்டா ஓம் எண்டுவன். நாளையிண்டைக்கு உயிர்த்த ஞாயிறு, அண்டைக்கு எவ்வளவு வேணுமெண்டாலும்."

"நாளையிண்டைக்கு நீ இருப்பாய்" என்றார்.

குச்சியைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தேன். ஆனாலும் என் கையால் பெரிய வெள்ளியில் ஒரு கத்தோலிக்கனின் வாய்க்குள் இறைச்சியை வைப்பதா? பஞ்சில் ஒரு துளி இறைச்சியா, இல்லையா? பிழிந்துவிட்டால் பாவம் குறையுமா? இப்படியெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. மெசினை நிறுத்தியபோது ஓடாத எல்லாம் குழம்புக்கு ஓடியது.

வேதம் வாசித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா புத்தகத்தை மூடினாள். "அக்கா, வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னக் கூடாதெண்டு இதில எங்கை இருக்கு?"

"அதில இல்லாட்டி என்ன, எங்களுக்கு இருக்கு" என்றேன்.

சவரியண்ணை சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவ, திரும்பவும் சிரிப்பானது. "மெசினை நிப்பாட்டினது பாவம் எண்டு அவள். குழம்பு பாவம் எண்டு நீ. ரெண்டு பேரும் என்ர பாவத்தைப் பங்கு போட்டு வைச்சிருக்கிறியள். எனக்கெண்டு ஒண்டும் மிச்சமில்லை."

ஜெசிந்தா கோட்டைப் போட்டாள். "நான் சமைச்சுக்கொண்டு வாறன்." பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஓர் அலுவல் தெரிந்தது.

அவள் போனதும் நான் நடைபாதையில் நின்று பாதருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. வருத்தக்காரருக்கு ஒருசந்தியும் இல்லை, இறைச்சி தவிர்க்கிற சுத்தபோசனமும் இல்லை, கேட்டதைக் கொடு என்று சொல்லி வைத்துவிட்டார். நான் நிம்மதியாகத் திரும்ப, போன் மறுபடி அடித்தது. பாதர்தான். "ஆரின்ர கைச் சமையல்?" என்று கேட்டார். ஜெசிந்தாவின் சமையல் என்றேன். "சவரியண்ணை தானே பழக்கினவர்" என்று பெருமூச்சு விட்டு வைத்தார். அவரும் ஒருசந்தி.

மத்தியானம் தாண்டி ஜெசிந்தா வந்தாள். மூடியைத் திறந்ததும் பெருஞ்சீரகமும் கறுவாவும் வறுத்த தூளும் சேர்ந்து பிரிவு முழுக்கப் பரவியது. வெறும் வயிற்றில் நின்ற எனக்குத் தலை சுற்றியது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினேன். துவாய் போட்டேன். குச்சியை அவள் கையில் கொடுத்தேன். பாவம் என்று பயந்து கொடுத்தேனா, மகள் செய்யட்டும் என்று கொடுத்தேனா என்று எனக்கே தெரியாது.

நான் காட்டிக் கொடுத்தபடி அவள் செய்தாள். உதடு, கன்னம், ஈறு, நாக்கு. சவரியண்ணை கண்ணை மூடிக்கொண்டு பஞ்சை மெல்ல உறிஞ்சினார். சமையற்காரன் முகம் திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"உப்பு இல்லை" என்றார்.

"அப்பா, உங்களுக்கு உப்புக் கூடாது" என்று ஜெசிந்தா சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. சிறுநீரகம் பழுதானவருக்கு உப்பு நஞ்சு மாதிரி. வருடக்கணக்காக ஒவ்வொரு கிழமையும் வந்து அவருக்கு உப்பில்லாமல் சமைத்து வைத்தவள் அவள். உருளைக்கிழங்கில் உள்ள பொட்டாசியமும் போகட்டும் என்று அதை இரண்டு தரம் அவித்து, இரண்டு தண்ணியையும் ஊற்றிவிட்டுத்தான் கறி வைப்பாள். தகப்பனை உயிரோடு வைத்திருக்க அவள் கை கற்றுக்கொண்டது அது. அன்றைக்கும் அந்தக் கை உப்பைத் தொடவில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது போலிருந்தது. குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சவரியண்ணை கண்ணைத் திறந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மதாம் பெர்த்தியே மாதிரி வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை என்று என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, உப்பு இருக்கோ?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

சாப்பாட்டுத் தட்டுகளோடு வருகிற சின்னக் கடதாசி உப்புப் பைகளில் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்று போதும். அவள் ஒரு பையைக் கிழித்துப் போட்டுக் கலக்கினாள். யோசித்தாள். இன்னொன்றைக் கிழித்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. பஞ்சை நனைத்து, பிழிந்து, தகப்பனின் உதட்டில் வைத்தாள்.

"போட்டிட்டன் அப்பா."

சவரியண்ணை நேரம் எடுத்து உறிஞ்சினார். "ஓம் பிள்ளை. இப்ப சரி" என்று சொல்லி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவளும் எடுக்கவில்லை. மற்றக் கையால் ஒரு கரண்டியில் குழம்பை அள்ளி என் பக்கம் நீட்டினாள். "எனக்கு இப்ப ஒண்டும் விளங்கேல்லை அக்கா. கூடிப் போச்சோ எண்டு நீங்கள் ஒருக்காப் பாருங்கோ."

பெரிய வெள்ளி, இயேசு உயிர்விட்ட பின்னேரம் மூன்று மணிகூட ஆகவில்லை, நான் ஒருசந்தி. கரண்டியை வாங்கி வாயில் வைத்தேன். உப்பு அளவாக இருந்தது.